எழுத என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்

“நம்ம குடும்பத்தைப் பத்தி எழுத என்ன இருக்கு? நாம என்ன ராஜா பரம்பரையா?”

வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்கப் போகும் எந்தப் பேரனுக்கும் பேத்திக்கும் முதலில் கிடைக்கும் பதில் இது. ஆயுள் முழுக்க வயலில் நின்றவர் இதைச் சொல்கிறார். ஏழு பிள்ளை பெற்று மூன்றைப் பறிகொடுத்த கிழவி சொல்கிறார். பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் பெட்டிக்கடை வைத்து, பிள்ளைகளைப் பட்டம் வாங்க வைத்தவரும் இதையே சொல்கிறார். குரலில் அடக்கம் இருப்பதால் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

அந்தக் குரலுக்குத் துணையாக இன்னும் இரண்டு குரல்கள் உண்டு. படித்தவர்கள், அதிலும் நல்ல எண்ணம் கொண்டவர்கள், “குடும்ப வரலாறா? சுற்றி வளைத்துச் சாதிப் பெருமை பேசுகிற வேலை அது” என்கிறார்கள். குடும்பத்தில் மூத்த சித்தப்பாவோ மாமாவோ, “ஆறிப்போன புண்ணை எதுக்குடா கிளறுற? சொந்தம் ரெண்டாப் போயிடும்” என்கிறார். மூன்றும் மூன்று திசையிலிருந்து வந்து ஒரே முடிவில் நிற்கின்றன: சாமானியர் வீட்டுக் கதை சாமானியரோடு சுடுகாட்டுக்குப் போகட்டும். இந்த முடிவு தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. இது கேடு விளைவித்திருக்கிறது, இன்னும் விளைவிக்கும். இழக்க எதுவுமில்லை என்று நாம் யாரை நினைக்கிறோமோ அவர்களுக்கே கூடுதலான கேடு.

குடும்ப வரலாறு ராஜா வீட்டு விஷயம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? எழுத்தில் எஞ்சியிருக்கும் பழைய வம்சாவளிகள் பெரும்பாலும் பாளையக்காரர்களுடையவை. காலின் மெக்கன்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் திரட்டினார். சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் பார்க்கலாம். எந்த அரசர் எங்கள் முன்னோருக்கு எந்த ஊரைக் கொடுத்தார், என்ன செய்ததற்காகக் கொடுத்தார், அதன்பின் யார் யார் பட்டத்துக்கு வந்தார்கள் என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். பொழுது போகாமல் எழுதியவை அல்ல அவை. புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் கும்பினி அதிகாரத்தின் முன்னால் தம் உரிமையை நிறுவிக்கொள்ள எழுதியவை. உரிமை உள்ளவர்களுக்கு வரலாறு இருந்தது, நமக்கு இல்லை என்று நாம் இதைப் படித்துக்கொண்டோம். எழுதி வைத்திருந்தவர்களால் உரிமை கேட்க முடிந்தது என்று படித்திருக்க வேண்டும்.

பிறகு வசதியான வீடுகளின் மணிவிழா மலர்கள் வந்தன. வழவழப்பான தாளில் தாத்தாவின் கொடைகள், அமைச்சரின் வாழ்த்துரை, வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் படங்கள். இதுதான் குடும்ப வரலாறு என்றால் நம்மிடம் இல்லைதான். ஆனால் காகிதத்தைக் காட்டு என்று அரசு கேட்கும் நாள் மலர் போட்டவர்களுக்கு மட்டும் வருவதில்லை.

இலங்கையில் அந்த நாள் 1948இல் வந்தது. அந்த ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மண்ணிலேயே பிறந்தவராக இருந்தாலும், தன் தகப்பன் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது தகப்பனைப் பெற்றவரும் அவரைப் பெற்றவரும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். அப்போதுதான் வம்சாவளிக் குடிமகன். யாரிடம் இதைக் கேட்டார்கள்? கங்காணியின் பின்னால் கண்டிச் சீமைக்கு நடந்து போனவர்களின் பிள்ளைகளிடம். முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு திருத்திக் கொடுத்து, லயத்துக் காம்பராவில் ஒருவர்மேல் ஒருவர் படுத்து எழுந்தவர்களிடம். உன் பாட்டன் எங்கே பிறந்தான், காகிதம் காட்டு என்றது அரசு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டம் பல ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்ததற்குச் சான்று கேட்டது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சமிருந்தவர்களின் கதையை 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவர் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டு முடித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் இவர்களை விலக்கும் நோக்கத்தோடுதான் எழுதப்பட்டது. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நான் சொல்வது வேறு. குடும்ப வரலாறு பெரிய வீட்டு ஆடம்பரம் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைக்கவில்லை. கூலி வீட்டில் அது இருக்காது என்று தெரிந்து, அதையே நிபந்தனையாக வைத்தார்கள். நம்முடைய அடக்கத்தை நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்தவர்கள் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். தாத்தா சொன்ன ஊர்ப் பெயர் ஒன்று மட்டும் பலருடைய கையில் இருந்தது. அந்தப் பெயரில் மாவட்டத்துக்கு இரண்டு ஊர் இருந்தால் எங்கே போய்த் தேடுவது?

கேட்கவே கேட்காமல் விட்ட அரசுகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. வேலை செய்தவர்களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைப்போல் மும்மடங்குக்குக் குறையாமல் ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், இவர்களோடு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள். காலராவும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பலவற்றில் கடைசியாக வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. தமிழருக்கு? இறந்த ஆசியர்கள் எத்தனை பேர் என்பதே மதிப்பீடுதான். 90,000 என்பவர்கள் இருக்கிறார்கள், அதைவிட அதிகம் என்பவர்களும் இருக்கிறார்கள். மனித உயிரை ஆயிரக் கணக்கில் கூட்டியும் குறைத்தும் பேச முடிகிறதென்றால், பெயர்ப் பட்டியல் என்று ஒன்று இல்லை. சிப்பாய்க்குப் படையில் பதிவேடு இருந்தது; முகாமுக்குள்ளேயே உயிரைப் பணயம் வைத்து இறந்தவர் பட்டியலை ஒளித்து எழுதிய கைதிகள் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளியின் பெயர் இருந்திருக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான். ஒன்று தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேடு. அது துரையின் சொத்து, துரையோ ஜப்பான்காரன் வந்ததும் ஓடிவிட்டான். இன்னொன்று வீடு.

“தாத்தா சயாமுக்குப் போனவரு, திரும்பி வரல.” மலேசியத் தமிழர் வீடுகளில் ஒரு மனிதனின் சாவு இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போனவர்கள் யார், உயிரோடு திரும்பியவர் என்ன சேதி சொன்னார், அவருடைய மனைவி எத்தனை வருடம் காத்திருந்து எந்த நாளில் பொட்டழித்தாள்? இதைத் தெரிந்தவர்கள் 1960களில் இருந்தார்கள், 1980களிலும் இருந்தார்கள். எழுத என்ன இருக்கிறது என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்ன வீடுகளைக் கூட்டிப் பார்த்தால்தான் அந்தப் பெயரில்லாத பல்லாயிரம் வருகிறது.

வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. வரலாற்றாசிரியர் இருப்பதை வைத்துத்தான் எழுத முடியும். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆபீஸ் எழுதி வைத்ததுதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் பட்டியல் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த முதல் கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்தே போனது. அந்தப் பட்டியல்களில் கூலியின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் உண்டு. தப்பி ஓடினால் பிடிப்பதற்குத் தழும்பு தேவை, எழுதிக்கொண்டார்கள். ஏன் ஊரை விட்டாள், யாரை விட்டுவிட்டு வந்தாள், அந்தத் தழும்பு எப்படி வந்தது என்பவை ஆபீசுக்குத் தேவையில்லை. நான்கைந்து தலைமுறை கழித்து டர்பனிலிருந்து வேலூர்ப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் ஊர் தேடி வருகிறவர்கள் கையில் அந்தப் பட்டியலின் நகல்தான் இருக்கிறது. தழும்பு வரைக்கும் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்தை எழுதக்கூடியவர்கள் வீட்டு மனிதர்கள் மட்டும்தான்.

சரி, எங்கள் வீட்டில் நாட்குறிப்பும் இல்லை, ஓலையும் இல்லை, எதை வைத்து எழுதுவது என்று கேட்பவர்கள் பரணில் ஏறிப் பார்க்க வேண்டும். தகரப் பெட்டியோ மஞ்சள் பையோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் கிடைக்கக்கூடியவற்றில் என் கணக்கில் முதலிடம் மொய் நோட்டுக்கு.

மொய் நோட்டைக் கடன் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். கல்யாணப் பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே போன அந்த நீள நோட்டில் ஒரு குடும்பத்தின் உலகம் முழுவதும் இருக்கிறது. முதல் பக்கத்தில் தாய்மாமன். அவர் பெயர் அங்கே இல்லாமல் ஐந்தாம் பக்கத்தில் இருந்தால் அந்த வருடம் ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று கேளுங்கள். 1960களின் நோட்டில் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் எழுதியவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று பார்த்தால் பெண் கொடுத்து எடுத்த எல்லை தெரியும். இருபது வருடம் கழித்து அடுத்த கல்யாணத்து நோட்டில் ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் திருப்பூர், பம்பாய், சிங்கப்பூர் என்று வரும். யார் யார் எப்போது ஊரைவிட்டுப் போனார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. இன்னும் கூர்ந்து பார்த்தால், யாருடைய பெயர் பட்டத்தோடும் யாருடைய பெயர் மொட்டையாகவும் எழுதப்பட்டிருக்கிறது, யாருடைய பெயர்கள் கடைசியில் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் தெரியும். பந்தலில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது அந்தப் பக்கங்களில் பதிவாகியிருக்கிறது. மொய் திருப்பிச் செய்தாயிற்று என்று பழைய நோட்டை எடைக்குப் போடுகிறவர்கள் எதைப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுகிறார்கள்.

அடுத்து விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போது அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து, எனக்கு இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் பத்திரம். பெயருக்கு ஒரு தொகை எழுதியிருக்கும். பல பத்திரங்களில் கையெழுத்து இருக்காது, கைநாட்டு இருக்கும். தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்ற சட்டத்திருத்தம் 1989இல் வந்தது, அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்கு. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் தேதியை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். அத்தை ஏன் அதன் பிறகு பொங்கலுக்கு வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கலாம். பதிவான பத்திரம் வீட்டில் இல்லாவிட்டாலும் அதன் நகலை அதே அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கலாம்.

பெண்களைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். நாம் வரையும் வம்சாவளிப் படங்களில் மகள் கல்யாணத்தோடு முடிந்துபோகிறாள். மருமகள் ஊர் பேர் இல்லாமல் மனைவியாக வந்து நிற்கிறாள். ஒரு குடும்பத்தில் எத்தனை பிரசவம் நடந்தது, எது தங்கவில்லை, பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், தாலியை எந்தக் கடையில் அடகு வைத்து யாருக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார்கள் என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரியும், ஆண்கள் மறந்திருப்பார்கள். ஒப்பாரி வைக்கத் தெரிந்த கிழவிகளைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பிறந்த வீட்டின் பெருமையும் புகுந்த வீட்டின் கொடுமையும் கூடப்பிறந்தவன் செய்த துரோகமும் அந்தப் பாட்டில் வரிசையாக வரும். நேருக்கு நேர் கேட்டால் வாய் திறக்காதவள் இழவு வீட்டில் பாட்டாகச் சொல்லிவிடுவாள். அதைச் சத்தம் என்று ஒதுக்கிவிட்டு, எங்கள் பெண்கள் எதையும் சொல்லி வைக்கவில்லை என்று பேசுவது அநியாயம்.

சாதிப் பெருமை என்ற எதிர்ப்பை நான் மதிக்கிறேன். அது காரணம் இல்லாமல் எழுந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, சாதிக்குச் சாதி க்ஷத்திரிய மூலம் தேடிப் புராணமும் சரித்திரமும் எழுதி அச்சடித்தார்கள். அந்த வேலை இன்றைக்கும் ஓயவில்லை; ஆண்ட பரம்பரை என்ற சுவரொட்டியாகவும் வாட்ஸ்அப் காணொளியாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு எதிராக 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தது தமிழ்நாட்டின் பெருமைக்குரிய செயல்களில் ஒன்று.

ஆனால் பட்டத்தை விட்டோம், பெண் எடுப்பதில் சாதியை விடவில்லை. பெயரிலிருந்து எடுத்ததால் சாதி எங்கள் வீட்டில் கிடையாது என்று சொல்லிக்கொள்ளும் வசதி மட்டும் வந்தது. இந்த வசதியைக் குலைப்பதற்கு, குடும்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுவதைவிடக் கூர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. எந்தக் கிணற்றில் நம்மைத் தண்ணீர் எடுக்க விடவில்லை? அல்லது, யாரை நாம் எடுக்க விடவில்லை? தாத்தாவின் பண்ணையில் எத்தனை குடும்பம் இருந்தது, கூலி எத்தனை படி நெல், கடனுக்காக எத்தனை தலைமுறை உழைத்தார்கள், கொல்லைப்புறத்தில் யாருக்குத் தனிக் குவளை தொங்கியது? சாதிச் சரித்திரம் எழுதுகிறவர் இந்தக் கேள்விகளைத் தொடமாட்டார். அவருக்கு மூவேந்தரில் ஒருவர் போதும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அரசனைச் சொந்தம் கொண்டாடுகிறவரிடம் அவருடைய அப்பாவின் அப்பா கொடுத்த கூலியைக் கேட்டால் பேச்சு நின்றுபோகும். அருகில் உள்ள மூன்று தலைமுறையை மறக்கச் சொல்வது சாதிக்கு எதிரான காரியம் என்று எப்படி நம்பினோம்? அந்த வெற்றிடத்தில்தான் ஆண்ட பரம்பரைக் கதை வந்து குடியேறியது.

ஒடுக்கப்பட்டவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டார்கள். ரெட்டைமலை சீனிவாசன் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை 1939இல் வெளியிட்டார். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது, கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல். பெருமைக்காக எழுதியவை என்று யாரும் இவற்றைச் சொல்ல முடியாது.

பஞ்சமி நிலத்தின் கதையையும் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிர் போயிற்று. கச்சேரிப் பதிவேட்டில் ‘டி.சி. நிலம்’, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம், என்று இருந்தாலும், அந்தப் புல எண்ணை யாருடைய தாத்தா உழுதார், எந்தக் கடனுக்கு எந்த வருடம் கைவிட்டுப் போனது என்று சொல்ல ஆள் வேண்டும். “அந்தக் கொல்லை நம்மளுதுன்னு ஆயா சொல்லும்” என்ற ஒரு வரி நினைவிலிருந்துதான் பல வழக்குகள் தொடங்கியிருக்க முடியும். ஆயாவுக்கு வரலாறு எதற்கு என்று இந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

புண்ணைக் கிளறாதே என்ற சித்தப்பாவுக்கு வருவோம். அவர் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. எழுதப்படுவது உயிரோடு இருப்பவரைக் காயப்படுத்தும் என்றால் அந்த உயிரோடு இருப்பவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைத் தன் காலம் வரை வெளியே சொல்லாதே என்றால், அவள் சொல்வதே முடிவு. இருபது வருடம் கழித்துத் திறக்கும்படி உறையிட்டு ஒட்டி வையுங்கள். ஆனால் எந்தப் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று கவனியுங்கள். கிளறாதே என்று சொல்கிறவர் அநேகமாகப் புண்பட்டவராக இருப்பதில்லை. தாத்தாவின் இரண்டாம் குடும்பத்தைப் பற்றி வாய் திறக்காதே என்பவர் அந்தக் குடும்பத்தின் பிள்ளை அல்ல. வேறு சாதிப் பையனோடு போன அத்தையின் படத்தை ஆல்பத்திலிருந்து கிழித்தது அத்தை அல்ல. அவளுடைய பேரப்பிள்ளைகள் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் முகம் இல்லை. சொந்தம் இரண்டாகப் போய் நெடுநாளாயிற்று. எழுதுவதால் புதிதாகப் போகப்போவதில்லை.

இன்றைக்குப் புதிதாக இன்னொன்றும் சொல்கிறார்கள்: எல்லாம் போனில் இருக்கிறது, கூகுளில் ஏற்றிவிட்டோம், இனி எதுவும் அழியாது என்று. பத்தாயிரம் படம் இருக்கிறது, ஒன்றில்கூட யார் நிற்கிறார்கள் என்று எழுதவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டினார்கள். அப்படிப்பட்ட படங்களில் தெளிவாகத் தெரிவது நாற்காலியும் பூஞ்சாடியும் பட்டுப்புடவையின் கரையும்தான். அந்தப் புடவையில் இருப்பவள் யார் என்பதைப் பின்பக்கத்தில் பென்சிலால் ஒருவர் எழுதியிருந்தால் உண்டு. அழிவது படம் மட்டும் என்று நினைக்கிறோம். பெயர் அதற்கு முன்பே அழிந்துவிடுகிறது.

ஒரே இடத்தில் வைத்திருப்பதும் காப்பாற்றுவதாகாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, 1846இல் கண்டெடுக்கப்படும் வரை அவர் வம்சத்தார் வீட்டிலேயே இருந்தது. படியெடுத்து வெளியே வந்தபின்தான் உலகுக்குக் கிடைத்தது. அதற்குள் இடையிடையே பல பகுதிகள் போய்விட்டிருந்தன. யாழ்ப்பாணம் பொது நூலகத்தை 1981இல் எரித்தபோது 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. போர்க்காலத்தில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டு ஆல்பங்களை விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் ஒரு மச்சாள் வீட்டில் கிடைக்கும் கல்யாணப் படம்தான் தாயின் ஒரே முகம். அன்றைக்கு அந்தப் படத்தை இரண்டாவது பிரதி போட்டு யாரோ தபாலில் அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, மூத்த மகன் பீரோவில் பூட்டி வைப்பது என்ற பழக்கத்தை விடுங்கள். வயதானவரிடம் வருடம் கேட்டால் தெரியாது என்பார். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா, எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது எத்தனையாவது பிள்ளை வயிற்றில் என்று கேளுங்கள், கணக்கு வந்துவிடும். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றித் தன் பாட்டி என்ன சொன்னாள் என்று நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் போங்கள். சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று குறியுங்கள். நீங்கள் ஊகித்ததை ஊகம் என்று தனியாக எழுதுங்கள். அச்சிட்ட புத்தகம் வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டும் அதன் நாலு நகலும் போதும். ஒன்று கூடப்பிறந்தவனுக்கு, ஒன்று உள்ளூர் நூலகத்தில் வாங்கிக்கொண்டால் அங்கே. மற்ற இரண்டும் போக வேண்டியது கட்டிக்கொடுத்துவிட்ட பெண்களின் வீடுகளுக்கு. விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த அத்தையின் பிள்ளைகளுக்கும் அதில் பாத்தியதை உண்டு. எழுதியது தவறு என்றால் அவர்கள் பக்கத்து நியாயத்தை ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பட்டும். அந்த ஓரக் குறிப்புகளோடு சேர்த்து அடுத்த நகலை எடுங்கள்.